எண் ஒன்பது செய்த குற்றம் என்ன?

“போடா, ஒம்போது!”

மூன்று நாள் நடந்த சொற்போருக்கு இதுதான் முடிவுரை! எழுதியவர் நம் தோழர். வயது இருபத்திரண்டு. படிப்பகத்துத் திண்ணையிலே வளர்ந்தவர். எதிரே நின்றவரோ, சாதிப் பெருமையைச் சந்தனமாகப் பூசிக்கொண்டு, கருவறைக்குள் எவர் புகலாம், எவர் புகலாகாது என்று எக்ஸ் தளத்திலே பட்டியல் போட்டுக்கொண்டிருந்த ஒருவர். நம் தோழர் சளைக்கவில்லை. 1970இல் தமிழகச் சட்டமன்றம் அர்ச்சகர் பதவியில் பரம்பரை உரிமையை ஒழித்ததை எடுத்துக் காட்டினார். 1972இல் உச்சநீதிமன்றம் அதுபற்றிச் சொன்னதைச் சுட்டினார். 2021 ஆகஸ்டில், பயிற்சி பெற்ற பல சாதி இளைஞர்கள் அர்ச்சகர்களாக அமர்த்தப்பட்டதை நினைவூட்டினார். எதிராளி விடையின்றித் திணறினார். வெற்றிக் களிப்பிலே நம் தோழர் கடைசியாக வீசியதுதான் அந்த ஒற்றைச் சொல்.

சட்டமும் தீர்ப்பும் பெற்ற விருப்பக்குறிகள் நாற்பது. வசை பெற்றவை நானூற்றுக்கு மேல்!

திண்ணையிலே அதை உரக்கப் படித்தார்கள், கைகொட்டிச் சிரித்தார்கள். நாமும் அங்கிருந்தோம். நாமும் புன்னகைத்தோம், மறைப்பானேன்? மாலைதோறும் வந்து, கலைந்து கிடக்கும் ஏடுகளை நாள் பார்த்து அடுக்கி வைக்கும் தம்பி ஒருவரும் சிரித்தார். பதினெட்டு வயதிருக்கும். மற்றவர்களைவிடச் சற்று முந்தியே சிரித்தார் என்பது இப்போதுதான் நம் நினைவுக்கு வருகிறது. மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. காரணம் ஆயிரம் இருக்கலாம், காய்ச்சலாகவும் இருக்கலாம். அதைத் துருவுவது நம் வேலையன்று. ஆயினும், கலைந்து கிடந்த ஏடுகளைப் பார்த்தபோது நம் நெஞ்சிலே ஒரு கேள்வி தைத்தது. அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் உங்கள்முன் வைக்கிறோம்.

எட்டுக்கு அடுத்தது ஒன்பது. பத்துக்கு முந்தியது ஒன்பது. கணக்கறிந்தவனுக்கு அவ்வளவுதான். ஆனால், தமிழ்நாட்டுப் பள்ளிகளிலே வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண் வாய்த்த பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்! ஆண்டு முழுவதும் அந்தப் பிள்ளை பட்ட பாட்டைச் சொல்லும். ஆசிரியர் எண்ணைக் கூப்பிட்டவுடன் வகுப்பறை குலுங்கும். அந்தச் சிரிப்பைத் திரைப்படம் பெரிதாக்கியது. இன்று இன்ஸ்டாகிராமும் யூடியூப்பும் முகநூலும் அதை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. ஒரு திருநங்கை தாம் சமைத்ததைப் படமெடுத்துப் போடட்டும். ஆடவன் ஒருவன் மற்றோர் ஆடவனைக் காதலிப்பதாக எழுதட்டும். மீசையரும்பிய பிள்ளை ஒன்று கண்ணுக்கு மை தீட்டி ஒரு பாட்டுக்கு ஆடட்டும். சமையலின் சுவையையோ, ஆட்டத்தின் அழகையோ பேசுவார் அங்கில்லை. ஒன்பது, அலி, பொட்டை, பிறவிப் பிழை, நாட்டைக் கெடுக்க வந்த நோய், கொன்றுபோட வேண்டிய கூட்டம்! தமிழ் யூடியூப் காணொலிகளின் கீழ் எழுதப்படும் இத்தகைய வெறுப்பைக் கணிப்பொறி அடையாளங்காண வேண்டும் என்பதற்காக, 2021இல் ஆய்வாளர்கள் 15,141 கருத்துரைகளைத் திரட்டித் தரம் பிரிக்க வேண்டியிருந்தது. தமிழை இயந்திரத்துக்கு எதற்கெல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா?

சிரிப்புத்தானே என்பார்கள். 2023 நவம்பரில், மத்தியப் பிரதேசத்து நகர் ஒன்றிலே, சேலையுடுத்துச் சில நொடிப் படமொன்றை வெளியிட்ட பதினாறு வயதுப் பிள்ளையின்மேல் வசை மழையாய்ப் பொழிந்தது. அந்தப் பிள்ளை இன்று உயிரோடு இல்லை. இதற்குமேல் அதைப்பற்றி எழுத நமக்கு மனமில்லை.

தோழர்களே! நம் தோழரிடம் நாம் ஒன்று கேட்டோம். “அந்த எதிராளியை, ஒடுக்கப்பட்ட ஒரு சாதியின் பெயரைச் சொல்லி ஏசியிருப்பாயா?”

துள்ளி எழுந்தார். “என்ன அண்ணா, நம்மைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா? நாக்கு அழுகிவிடாதா?”

“ஏன் ஏசமாட்டாய்?”

“அந்தச் சாதியிலே பிறப்பது இழிவு என்று நானே சொன்னதாகிவிடுமே! அடிபடுவது அவனில்லையே, அந்த மக்கள் அல்லவா?”

சரியான விடை. அந்த விடையை அப்படியே எடுத்து இந்தச் சொல்லின்மேல் வைத்துப் பாருங்கள் என்கிறோம். ‘ஒம்போது’ என்றதும் அந்தச் சாதிப் பெருமைக்காரருக்கு என்ன நட்டம்? ஓர் எள்ளளவும் இல்லை. அவர் அலைபேசியை அணைத்துவிட்டு உணவருந்தப் போயிருப்பார். அவரை இழிவுபடுத்துவதற்கு அளவுகோலாக எடுக்கப்பட்டது வேறு சிலருடைய வாழ்க்கை. எறிந்தது ஒருவர்மேல், பட்டது மற்றொருவர்மேல். பட்டவர் நம் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கலாம். நம்மோடு சேர்ந்து சிரிக்கவும் வேண்டியிருந்திருக்கலாம்.

பிறப்பினால் ஒருவன் உயர்வதுமில்லை, தாழ்வதுமில்லை என்று நாம் மேடை ஏறி முழங்குகிறோம். ‘பிறப்பு’ என்ற அந்தச் சொல்லுக்குள் சாதி மட்டுந்தான் அடங்குமா? ஒருவர் தம் உள்ளத்தால் பெண்ணாக உணர்வதும், ஒருவர் நாட்டம் தம் பாலினத்தார்மேல் செல்வதும் கடையில் வாங்கி வந்த சரக்கா? அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல். உலகச் சுகாதார நிறுவனம் நீக்கியது 1990 மே 17இல். இதைக் ‘குணப்படுத்துவதாக’ச் சொல்லி நடத்தப்படும் சிகிச்சை மருத்துவருக்குரிய ஒழுக்கத்துக்குப் புறம்பானது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. ஆனால், 2025 ஜனவரியில், முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் தன் விதிகளை மாற்றி, ஒருவருடைய பாலினத்தையோ பாலீர்ப்பையோ காட்டி அவரை மனநோயாளி என்று எழுத இடமளித்தது! மருத்துவம் அரை நூற்றாண்டுக்கு முன்பே குப்பையிலே எறிந்ததை வணிகம் பொறுக்கி எடுத்து, துடைத்து, கடை பரப்புகிறது. பேயோட்டுகிறவனை எள்ளும் நாம், இதைப் பார்த்து வாளாவிருந்தால் நம் பகுத்தறிவு எதற்கு?

“இதெல்லாம் மேலைநாட்டிலிருந்து வந்த கேடு, நம் பண்பாட்டில் இல்லாதது” என்று எழுதுகிறார் ஒருவர். அவர் எழுதுவது மேலைநாட்டுக்காரன் செய்த கருவியிலே, மேலைநாட்டுக்காரன் நடத்தும் தளத்திலே, அது கிடக்கட்டும். வரலாறு என்ன சொல்கிறது? ஒரே பாலினத்தார் கூடுவதைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை இங்கே கொண்டுவந்தது 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம். இயற்றியவர்கள் வெள்ளையர். 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதியைப் பாருங்கள். வடநாட்டிலே அரவானியர் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றவும், பெண்ணுடை தரித்துப் பொதுவிடத்தில் தோன்றினாலோ, ஆடிப் பாடினாலோ, ஆணை முறியின்றியே கைது செய்யவும் அது வழி வகுத்தது. தென்னாட்டிலே அதே சட்டத்தின் வழிவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் கள்ளரையும் மறவரையும் கைரேகை வைக்கச் செய்து வதைத்தது. அதை எதிர்த்து ஊர் ஊராகக் கிளர்ந்தெழுந்த மக்களின் பேரப்பிள்ளைகளில் சிலர், இன்று அதன் மற்றொரு பகுதியைப் பண்பாடு என்று போற்றிக்கொண்டிருக்கிறார்கள்! இறக்குமதியானது அன்பா, அன்பைக் குற்றமாக்கிய சட்டமா என்பதை அவர்களே சொல்லட்டும். 377ஆம் பிரிவின் அந்தப் பகுதி 2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றத்திலே வீழ்ந்தது.

பண்பாடு என்றதும் இலக்கணம் நினைவுக்கு வருகிறது. திருநங்கையரை ‘அது’ என்று எழுதுவது இணையத்து இளைஞர் சிலருக்கு விளையாட்டு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்கும்போதே, ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரை உயர்திணையில் வைத்தார். அப்பெயர்க்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈற்றையே அது கொள்ளும் என்றும் வகுத்தார். மக்கள் என்று அவர் எண்ணியவரை, மாடு என்றும் மரம் என்றும் அஃறிணைக்குத் தள்ளுகிறான் இன்றையத் தமிழ்ப் பற்றாளன்! ஆனால், பழமை முழுவதும் பொன் என்று நாம் சொல்ல வரவில்லை. வள்ளுவரே 614ஆம் குறளிலும் 727ஆம் குறளிலும், பயனற்றதற்கு உவமையாகப் பேடி கையிலுள்ள வாளைத்தான் காட்டினார். வள்ளுவர் சொன்னாலும் அந்த உவமை நமக்கு வேண்டாம். நூல் எவருடையதாயினும் ஏற்பதை ஏற்று, தள்ளுவதைத் தள்ளுகிறோம் என்று மார்தட்டுகிறவர்கள், தள்ளவேண்டிய இடத்தில் தயங்கலாகாது. நம் மேடைகள் மட்டும் தூய்மையானவையா? ‘ஆண்மையிருந்தால் வா’, ‘சேலை கட்டிக்கொள்’, ‘வளையல் அனுப்புகிறோம்’ என்று எத்தனை கூட்டங்களிலே கேட்டிருக்கிறோம்! ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலிலே, ஆண்மை என்னும் கருத்தே அழிந்தாலன்றிப் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்று பெரியார் ஓர் அத்தியாயம் எழுதினார். அந்த நூலைக் கையில் பிடித்துக்கொண்டே, எதிரிக்கு வளையல் அனுப்புகிறோம்.

இங்கேதான் ஒரு கடினமான கேள்வி எழுகிறது. நம் தோழரே எழுப்பினார். “அண்ணா! கடவுள் இல்லை என்கிறோம். புராணத்தைப் புரட்டு என்கிறோம். ‘எங்கள் மனம் புண்படுகிறது, இவர்கள் வாயைக் கட்டுங்கள்’ என்று பக்தர்கள் கதறினார்கள். புண்படுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு என்று வாதாடினோம். இன்று நாமே ‘புண்படுகிறது, நிறுத்து’ என்றால், அன்று அவர்கள் சொன்னது சரி என்று ஆகாதா?”

நேர்மையான கேள்வி; நழுவலாகாது. புண்படுவது ஒரு வாதமே அல்ல என்பதில் நமக்கு இன்றும் மாற்றமில்லை. அந்தக் காரணத்தைச் சொல்லி நாம் வாயடைக்கச் சொன்னால், நாளைக்கு நம் வாய்க்குத்தான் முதற்பூட்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு என்ன செய்தது? 2012 நவம்பரில், மும்பையை அடுத்த பால்கரில், ஒரு தலைவரின் மறைவுக்காக நகரம் அடைக்கப்பட்டதைக் குறித்து முகநூலில் எழுதிய இளம்பெண்ணையும், அதற்கு விருப்பக்குறி இட்ட அவர் தோழியையும் கைது செய்தது! 2015 மார்ச் 24இல் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவை அடியோடு நீக்கியபோது மகிழ்ந்தவர்கள் நாம். எனவே, கசப்பான பேச்சையெல்லாம் காவல்துறையிடம் ஒப்படை என்று நாம் சொல்லோம்.

ஆனால், கடவுள் மறுப்பையும் இந்த வசையையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? ‘உன் கடவுள் இல்லை’ என்னும்போது நாம் பக்தனிடம் பேசுகிறோம். அவன் எழுந்து ‘இருக்கிறார், இதோ சான்று’ என்று சொல்லலாம். அவன் விடைக்காக நாம் காத்தும் இருக்கிறோம். அவன் நம்பிக்கை முழுவதும் நொறுங்கினாலும், அவன் இருக்கை அவனுக்கே உரியது. அவன் மனிதன் என்பதில் ஐயமே எழவில்லை. ‘ஒம்போது’ என்று எறிந்தவன் எந்த விடைக்குக் காத்திருக்கிறான்? எந்தச் சான்றைக் காட்டினால் அவன் ‘சரி, ஒப்புக்கொள்கிறேன்’ என்பான்? அந்தச் சொல்லுக்கு மறுப்பும் இல்லை, உடன்பாடும் இல்லை. ‘எழுந்து போ’ என்பது ஒன்றே அதன் பொருள். அவையிலே அமர்ந்திருப்பவனோடு வாதாடுவது பேச்சு. அவனை அவையை விட்டே துரத்துவதற்கு வாயைப் பயன்படுத்தினால், வாயினால் செய்யப்பட்டது என்பதற்காக அது பேச்சாகிவிடுமா? தேநீர்க் கடையிலே தனிக்குவளை வைத்தவனும் ஒரு சொல்லும் பேசாமல்தான் வைத்தான். அவன் சொல்ல வந்தது எல்லோருக்கும் விளங்கிற்று. இங்கே சொல்லே தனிக்குவளையாக நிற்கிறது.

ஆகவே, பேச்சுரிமைக்கு அஞ்சி இந்த வசையைப் பொறுத்துக்கொள்வோர், யாருடைய பேச்சுரிமையைக் காக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயிரம்பேர் கூடி ஏசியபின் தன் பக்கத்தை மூடிவிட்டுப் போன அந்தத் திருநங்கை பேச வந்தது என்ன? நமக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. பேச்சுரிமை அங்கேதான் பறிபோயிற்று. பறித்தது அரசல்ல, கூட்டம் என்பதனால் கணக்கில் வராமற் போயிற்று.

கூட்டம் தானாகவும் கூடுவதில்லை. சாவடியிலே ஒருவன் ஏசினால் கேட்பவர் பத்துப் பேர். அவர்களிலும் ஒரு கிழவர் ‘வாயை மூடடா’ என்பார். இந்தத் தளங்களிலே அந்தக் கிழவருக்கு இடமில்லை. எது மக்களை நெடுநேரம் கட்டி வைக்கிறதோ அதை மேலே தூக்கிக் காட்டு என்பதே இயந்திரத்துக்கு இடப்பட்ட கட்டளை. 2017 முதல் முகநூல் நிறுவனம், சினமுகக் குறிக்கு விருப்பக்குறியைப்போல ஐந்து மடங்கு மதிப்பு வைத்துக் கணக்கிட்டது. 2021இல் வெளியான அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களே அதைக் காட்டிக்கொடுத்தன. பின்னர்ப் படிப்படியாகக் குறைத்தார்களாம். அதற்குள் எத்தனை கோடிச் சினம் பொங்கி வழிந்ததோ! நம் தோழரின் வாதத்துக்கு நாற்பதும் வசைக்கு நானூறும் கிடைத்ததற்கு மக்கள் மட்டுமே பொறுப்பல்ல. விளம்பரக்காரனிடம் விற்பதற்காக நம் கண்களைக் கட்டிவைக்கும் வாணிகம் அதிலே பங்குதாரர். உண்டியல் வைத்துக் காணிக்கை வாங்கும் கோயிலை நாம் அறிவோம். இதுவோ வெறுப்பையே காணிக்கையாக வாங்குகிற உண்டியல். எக்ஸ் தளம் தன் பங்குக்கு, திருநர்களை அவர்கள் துறந்துவிட்ட பழைய பெயரால் வேண்டுமென்றே அழைத்துத் துன்புறுத்துவதைத் தடுத்து வைத்திருந்த விதியை 2023 ஏப்ரலில் நீக்கியது.

சட்டத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. கொல்வேன் என்பது மிரட்டல். வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஊரறிய வெளியிடுவது வேட்டைக்கு ஆள் கூட்டுவது. ‘இவர்களைக் கண்ட இடத்தில் அடியுங்கள்’ என்பது தூண்டுதல். இவற்றுக்குத் தண்டனை கேட்கத் தயங்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சொல்லால் இழைக்கப்படும் கொடுமையையும் சேர்த்து, ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை என்று வகுத்தது. ஆனால், முறையீடு செய்ய நிலையத்துக்குப் போகிறவரைப் பார்த்து முதலில் சிரிப்பவர் அங்கே நிற்கும் காவலராக இருந்தால்? காவலர்களே இவர்களைத் துன்புறுத்தலாகாது என்று 2022இல் தமிழக அரசு நடத்தை விதியில் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. எழுதினார்கள், நல்லது. எழுத வேண்டியிருந்ததே என்பதுதான் நம் கவலை.

சட்டத்தைவிட நம்மைக் கவர்ந்தது ஒரு நீதிபதியின் செயல். மதுரையிலிருந்து பெற்றோருக்கு அஞ்சிச் சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு, சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தமக்கு இதில் முழுத்தெளிவு இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. உளவியல் வல்லுநர் ஒருவரிடம் மாணவரைப்போல அமர்ந்து கேட்டார். அந்தச் சமூகத்தாரோடு பேசினார். தம்மிடமும் தப்பெண்ணம் இருந்ததை ஒப்புக்கொண்டு, 2021 ஜூன் 7இல் ஆணை எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, ஏடுகளும் அலுவலகங்களும் இவர்களைக் கண்ணியமாகக் குறிக்க வேண்டிய சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி, ஊடுபால், பால்புதுமையர் என்று பழகிக்கொள்ள எளிய சொற்கள். தீர்ப்புச் சொல்லும் இருக்கையில் இருப்பவர், எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்றார்! எல்லாம் தெரிந்தவனாக எழுதும் இணையத்து இளைஞனுக்கு அந்த ஒரு சொல் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

இவ்வளவும் கேட்டபின் நம் தோழர் அந்தப் பதிவை அழித்துவிட்டார். நானூறு விருப்பக்குறிகளும் அதனோடு போயின. பிறகு, “அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் அழைத்து வரட்டுமா, அண்ணா?” என்றார். வேண்டாம் என்றோம். இத்தனை நாள் எவரையும் தேடிப் போகாதவர்கள் இன்று அந்த ஒருவரை மட்டும் ஏன் தேடி வந்தார்கள் என்று தெரு கேட்கும். விடை சொல்ல வேண்டிய சுமை அந்தத் தம்பியின் தலையிலே விழும். அவர் எதையும் நம்மிடம் சொன்னதில்லை, சொல்லக் கடமைப்பட்டவருமல்லர். ஏசியது எல்லோரும் பார்க்கும் இடத்திலே. ஆகவே, திருத்துவதும் அங்கேயே நடக்கட்டும் என்றோம்.

அங்கேயே எழுதினார்: ‘அண்மையில் ஒரு சொல்லால் ஒருவரை ஏசினேன். அந்தச் சொல் அவரைச் சுடவில்லை. குற்றமற்ற வேறு பலரைச் சுட்டது. எழுதியது தவறு.’

இரண்டு நிமிடத்தில் முதல் மறுமொழி வந்தது. ‘அப்போ நீயும் ஒம்போதா?’

தோழர் விரல் விரைந்தது. ‘இல்லை’ என்று அடித்தார். அனுப்பவில்லை. சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சொல்லை அழித்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

“இல்லை என்று பதறி எழுதினால், இருப்பது இழிவு என்று நானே ஒப்புக்கொண்டதாகாதா, அண்ணா? ஆம் என்று எழுதினால் அது பொய். என்ன எழுத?”

நாம் வீடு திரும்பும்போது இரவு ஒன்பதரை மணி. விளக்கை அணைக்காமல், அந்த ஏடுகளை நாள் பார்த்து அடுக்கியபடி, அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.